காலியாக உள்ளவை

அந்தச் சின்ன மருத்துவமனையின் பதிவறையில் இரண்டு கணினிகள், இரண்டு நாற்காலிகள், ஒரு சன்னல். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் லென்ஸ் என்பார்கள். எந்தப் படிவம் வந்தாலும் இரண்டு முறை படிப்பாள். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் டாக்டர் என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள். கதவோரம் உட்கார்ந்திருப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அவள் தட்டச்சு செய்வதை ஒருமுறை பார்த்த யாராகவும் இருக்கலாம்.

இருவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பிப் போகிறவர்கள். "வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க, இங்கத்த சண்டையை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்று மேலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக அந்த மனிதருக்கு வேலை வைக்கவில்லை. சண்டை வந்தால் பஸ்ஸிலேயே முடித்துக்கொண்டார்கள்.

காகிதக் கோப்புகளை எல்லாம் கணினிக்கு மாற்றி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். அதில் பெயர், வயது, தொலைபேசி எண் இவற்றுக்குக் கீழே 'மருந்து ஒவ்வாமை' என்று ஒரு கட்டம். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதன் பெயரை எழுத வேண்டும். கேட்டு, அப்படி எதுவும் கிடையாது என்று தெரிந்தால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கேட்கவே இல்லை என்றால் கட்டம் காலியாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமை தர ஆய்வுக் குழு வருது. அவங்க முதல்ல பாக்கப்போறது இந்த அலர்ஜி கட்டத்தைத்தான். எத்தனை பேருக்குக் காலியா இருக்கு?"

லென்ஸ் பட்டியலைத் திறந்தாள். மேலே இருந்த ஃபில்டரை அழுத்தி, 'மருந்து ஒவ்வாமை' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் 'காலியாக உள்ளவை' என்ற நிபந்தனையைப் போட்டாள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த பட்டியல் சுருங்கிக் கீழே ஓர் எண்ணைக் காட்டியது.

"நூத்தி எண்பத்தேழு சார்."

"வெள்ளிக்கிழமை காலையில இது பூஜ்யம் காட்டணும். போன் போட்டுக் கேட்டு எழுதுங்க."

அவர் போன பிறகு லென்ஸ் சும்மா இருக்கவில்லை. காலியாக இல்லாத பக்கங்களையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் கட்டம் வெறுமையாகத்தான் தெரிந்தது, ஆனால் அந்த ஆள் பட்டியலில் வரவில்லை. கட்டத்துக்குள் சுட்டியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. யாரோ இடைவெளிப் பொத்தானை ஒரு தடவை தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, கணினிக்கு ஏதோ இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் வெறும் ஒரு புள்ளி. வேறொன்றில் ஒரு சின்னக் கோடு. மதியத்துக்குள் அப்படி இருபத்தாறு பேரைப் பிடித்துவிட்டாள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் குறைக்கச் சொன்னா நீங்க ஏத்திக்கிட்டு வர்றீங்களே!"

"இருக்கிறதைத்தானே சார் சொல்றேன்."

"இருக்கிறதைச் சொல்லலை. இல்லாததைத் தேடிப் பிடிச்சுட்டு வந்திருக்கீங்க."

ஆக மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று பேர். பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அண்ணியும் நாத்தனாரும் போனைக் கையில் எடுத்தார்கள்.

இது லேசான வேலை இல்லை. ஒருவர் போனை எடுத்ததும் "கடன் எதுவும் வேணாம்" என்று வைத்துவிட்டார். ஓர் அம்மாள், மாத்திரை எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, தனக்கு ஒத்துக்கொள்ளாத மருமகளைப் பற்றி இருபது நிமிடம் சொன்னாள். கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்றார் இன்னொருவர். அதை எழுதுவதா வேண்டாமா என்று இருவரும் ஐந்து நிமிடம் விவாதித்தார்கள். எடுக்காதவர்களுக்கு மறுபடி மறுபடி போட வேண்டியிருந்தது. செவ்வாய் கழிந்து புதன் மதியம் வந்தபோது லென்ஸிடம் நாற்பத்தொன்றும் புயலிடம் முப்பத்து மூன்றும் மிச்சம் இருந்தன.

அன்று இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து லென்ஸுக்கு அழைப்பு வந்தது. மகள் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டதாம்.

"நீங்க கிளம்புங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்" என்றாள் புயல்.

"எழுபத்து நாலு பேரு இருக்கே?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? முதல்ல பிள்ளையைப் பாருங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த புயல், கால் கட்டோடு படுத்திருந்த அண்ணன் மகளின் தலையைத் தடவிவிட்டு, "முடிஞ்சிருச்சு அண்ணி" என்றாள்.

"எது?"

"எல்லாமும். உங்களுது, என்னுது, எல்லாமே."

லென்ஸுக்கு ஒரு விநாடி உள்ளுக்குள் ஏதோ தட்டியது. மூன்று மணி நேரத்தில் எழுபத்து நாலு பேரா? இரண்டு நாளில் இருவரும் சேர்ந்து நூற்று முப்பத்தொன்பது பேரைத்தான் முடித்திருந்தார்கள். ஆனால் மகளின் காலுக்கு ஐஸ் வைக்க வேண்டியிருந்தது, அடுப்பில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு நாற்பத்தொரு பேருடன் மல்லுக்கட்ட வேண்டாம் என்ற நிம்மதியும் இருந்தது. "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஒரு தடவை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் நேராகப் பதிவறைக்கு வந்து, அதே ஃபில்டரைப் போடச் சொன்னார். பட்டியல் வெறுமையாக வந்தது. கீழே பூஜ்யம். அவர் ஏதோ குறித்துக்கொண்டு போனார். மேலாளர் அன்று மதியம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். புயல் மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லித் தொடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பெரிய நர்ஸ் கையில் ஒரு தாளோடு பதிவறைக்குள் வந்தார். அந்த அம்மாள் பொதுவாகப் பதிவறைக்கு வருகிறவர் இல்லை. வேண்டியதைப் போனில் அதட்டிக் கேட்கிற ரகம்.

"உள்ளங்கையில கட்டியோட ஒரு கொத்தனார் வந்திருக்காரு. கீறி எடுத்துட்டு ஊசி போடணும். உங்க கம்ப்யூட்டர்ல இவருக்கு அலர்ஜி 'இல்லை'ன்னு இருக்கு. நான் என் பழக்கத்துக்கு வாயாலயும் ஒரு தடவை கேட்டேன். பென்சிலின் போட்டா மூச்சு அடைச்சுக்குமாம். நாலு வருஷம் முன்னாடி முகமெல்லாம் வீங்கி ரெண்டு நாள் ஆக்சிஜன்ல இருந்தாராம்."

லென்ஸ் எழுந்து நின்றுவிட்டாள். "ஊசி...?"

"போடலை. மருந்தை ஏத்தித் தட்டுல வச்சாச்சு. கேக்காம இருந்திருந்தா இந்நேரம் போட்டிருப்பேன்." தாளை மேசையில் வைத்தார். "யார் இவர்கிட்ட கேட்டது?"

லென்ஸ் பட்டியலைப் பார்த்தாள். அந்தக் கொத்தனார் அவளுடைய நாற்பத்தொரு பேரில் ஒருவர். திங்கட்கிழமையே இரண்டு முறை போட்டுப் பார்த்து, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்த எண்.

"அவர் போன் தண்ணியில விழுந்து மூணு வாரம் ஆச்சாம். இங்கேருந்து யாரும் கூப்பிடலைன்னு சொல்றாரு" என்றார் பெரிய நர்ஸ்.

கதவோரத்து நாற்காலியில் விரல்களின் சத்தம் நின்றிருந்தது. லென்ஸ் திரும்பிப் பார்த்தாள். புயல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்துச் சொல்றேன் சிஸ்டர்" என்றாள் லென்ஸ். பெரிய நர்ஸ் இருவரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

லென்ஸ் உடனே எதையும் கேட்கவில்லை. மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எந்தக் கட்டத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க வழி உண்டா என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று பொறுமையாகச் சொன்னாள். மாற்றங்களின் வரலாறு திரையில் வந்தது. புதன்கிழமை, இரண்டு மணிக்கு மேல், புயலின் பெயரில்.

இரண்டு மணியிலிருந்து மூன்று முப்பத்தைந்து வரை ஒன்பது பதிவுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். இவை போன் போட்டுக் கேட்டவை. பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. பிறகு நாலு பன்னிரண்டுக்கு ஆரம்பித்து, ஆறு ஆறு விநாடிக்கு ஒன்றாக, ஏழு நிமிடத்துக்குள் அறுபத்தைந்து பேர். எல்லாவற்றிலும் ஒரே சொல், இல்லை.

ஆறு விநாடியில் யாரும் "ஹலோ" கூடச் சொல்லி முடிக்க முடியாது.

"இங்க வா" என்றாள் லென்ஸ்.

புயல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"ஏன் இப்படிச் செஞ்சே? முடியலைன்னா முடியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன உன்னைக் கடிச்சுத் தின்னிருப்பேனா?"

"முடியாம இல்லை அண்ணி."

"அப்புறம்?"

புயல் கை விரல்களை நெட்டி முறித்தாள். "மூணு நாப்பதுக்கு ஒரு நம்பருக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, அவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு கேட்டேன். 'அவர் இல்லைம்மா'ன்னாங்க. நான் வெளிய போயிருக்காருன்னு நினைச்சுட்டு, 'எப்ப வருவாரு, நான் அப்புறம் கூப்பிடறேன்'னு சொன்னேன்."

லென்ஸ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"அந்தம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. போன மாசம் பதினாலாம் தேதின்னாங்க. அப்புறம் அவர் எப்ப எழுந்திரிப்பாரு, எந்தச் சட்டை பிடிக்கும், எந்த மாத்திரையை எந்தத் தண்ணியில போடுவாருன்னு எல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வைக்க மனசு வரலை. அரை மணி நேரம் கேட்டேன். வச்சதுக்கு அப்புறம் திரையில அவர் பேருக்கு நேரா கட்டம் காலியா இருக்கு. என்ன எழுதுறதுன்னு தெரியலை. அவங்க சொன்னதையே எழுதினேன். இல்லைன்னு."

"சரி. அது ஒண்ணு. மிச்சம் அறுபத்து நாலு?"

"அடுத்த நம்பரைப் பாத்தேன். கை போன்கிட்ட போகலை அண்ணி. அடுத்த வீட்ல யார் எடுப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு. கை அதுபாட்டுக்கு அதே வார்த்தையை அடிச்சுக்கிட்டே போயிருச்சு. முடிஞ்சதுக்கு அப்புறம்தான் என்ன செஞ்சேன்னே உறைச்சது. நீங்க கேட்டா சொல்லிடலாம்னு வீட்டுக்கு வந்தேன். நீங்க கேக்கலை."

அந்தக் கடைசி வார்த்தை லென்ஸுக்கு நன்றாகவே தைத்தது. கோபமாகத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு கோபம் நாத்தனார் மேல், எவ்வளவு தன் மேல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"அந்தக் கொத்தனாருக்கு எதுவும் ஆகியிருந்தா?" என்றாள்.

புயல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லென்ஸ் அவளை அழவிட்டாள். எழுந்துபோய்க் கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த அறுபத்தைந்து பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கொத்தனாரின் கட்டத்தில் இருந்ததை அழித்துப் பென்சிலின் என்று எழுதினாள். மற்ற எல்லாவற்றிலும் அந்தச் சொல்லை அழித்துக் கட்டத்தைப் பழையபடி காலியாக விட்டாள். பிறகு ஃபில்டரைப் போட்டாள். அறுபத்து நாலு.

அரை மணி நேரத்தில் மேலாளர் வந்துவிட்டார். அவர் மேசைத் திரையிலும் அந்த எண் வரும்.

"வெள்ளிக்கிழமை பூஜ்யமா இருந்தது இன்னிக்கு எப்படி அறுபத்து நாலு ஆகும்? ஆய்வு அறிக்கை இன்னும் கைக்கு வரலை, தெரியுமா உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை இருந்தது பொய் சார்" என்றாள் லென்ஸ். "கேக்காமலே எழுதினது."

"யார் எழுதினது?"

லென்ஸ் வாயைத் திறப்பதற்குள் புயல் எழுந்து நின்றாள். கண்கள் இன்னும் வீங்கியிருந்தன. "நான் சார். ஒரு சாயங்காலம் உக்காந்து எல்லாருக்கும் 'இல்லை'ன்னு அடிச்சுட்டேன். அண்ணி அன்னிக்கு இங்க இல்லை. அவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லை."

"சம்பந்தம் இருக்கு" என்றாள் லென்ஸ். "எழுபத்து நாலு பேரு மூணு மணி நேரத்துல முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாக்கலை."

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொத்தனார் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "பூஜ்யம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான்" என்று மெதுவாகச் சொன்னார். எழுந்து போகும்போது, "கேட்டு முடிங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரும் எழுதிக் கொடுங்க, நடந்ததை நடந்தபடி" என்றார்.

அந்த அறுபத்து நாலு பேரையும் வார்டு பட்டியலில், கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையோடு வைக்கச் சொல்லிப் பெரிய நர்ஸுக்குத் தகவல் போனது. பிறகு இருவரும் அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் போன் போட்டார்கள். இறந்துபோனவரின் பக்கத்தில் அதற்கென்றே தனியாக இருந்த இடத்தில் தேதியைக் குறித்தாள் லென்ஸ். அவர் பெயர் பட்டியலை விட்டுப் போனது. மீதி அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்து மூன்று பேர் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். ஆறு பேருக்கு இருந்தது. அதில் ஒரு கல்லூரி ஆசிரியைக்கு அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. அவளுக்கு மயக்க மருந்து ஒன்று ஒத்துக்கொள்ளாது. "நானே வந்து சொல்லணும்னு இருந்தேன், நல்லவேளை நீங்களே கேட்டீங்க" என்று அவள் சொன்னாள். புயல் எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நாலு பேர் எந்த எண்ணிலும் கிடைக்கவில்லை.

விஷயம் வீட்டில் தெரிய ஒரு நாள் ஆனது. லென்ஸின் கணவன், பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரியை ஓட்டுகிறவன். தங்கை சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து கையை எடுக்காமல், "வேலை போயிடுமா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியலை" என்றாள் புயல்.

"போனா போகட்டும். அந்த ஆளு நல்லா இருக்காரா?"

"கட்டியை எடுத்துட்டாங்க. வேற மருந்து கொடுத்திருக்காங்க."

"அப்ப சாப்பிடு."

கால் கட்டோடு உட்கார்ந்திருந்த மகள், அத்தை ஏன் சாப்பிடாமல் தட்டையே பார்க்கிறாள் என்று கேட்டாள். லென்ஸ் நாத்தனாரின் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். புயல் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலை போகவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்த மருத்துவமனை இயக்குநர், புயலுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார். மூன்று மாதம் அவள் எழுதுவதை எல்லாம் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் பதிவாகும் என்றும் உத்தரவு போட்டார். அந்த இன்னொருவர் லென்ஸ்தான். ஆய்வுக் குழுவுக்கு மேலாளர் தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அவர்கள் மறுபடி ஒருமுறை வருவதாகப் பதில் போட்டார்கள். இனிமேல் வாரா வாரம் திங்கட்கிழமை அந்த ஃபில்டரைப் போட்டுப் பார்ப்பது, பூஜ்யம் வராவிட்டால் ஏன் என்று எழுதிவைப்பது என்று முடிவானது.

கிடைக்காத நாலு பேரின் முகவரிகளைப் புயல் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். "நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன் அண்ணி" என்றாள்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம். இது நான் போகணும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பியவள் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்பினாள். மழையில் செருப்பு ஊறியிருந்தது. முதல் முகவரியில் ஆள் இருந்தார். எண்ணை மாற்றிவிட்டாராம், எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லையாம். இரண்டாவது முகவரியில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு தையல்காரி. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒன்று ஆகாது என்று சொல்லி, அலமாரியிலிருந்து பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில், அவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். நாலாவது முகவரியில் வீடே இல்லை, இடித்துவிட்டுப் புதிதாக ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"கட்டுறவங்ககிட்டயும் கேட்டேன். யாருக்கும் தெரியலை" என்றாள் புயல், தலையைத் துவட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை அவள் நேரில் கிடைத்த இரண்டு பேருக்கும் எழுதியதைப் பதிவுக்கு முன் லென்ஸ் படித்துப் பார்த்து அனுமதித்தாள். ஃபில்டரைப் போட்டாள். கீழே இரண்டு என்று வந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இந்த ரெண்டு?"

"இன்னும் கேக்க முடியலை சார்" என்றாள் புயல்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர். "பேரையும் காரணத்தையும் எழுதி என்கிட்ட ஒரு பிரதி கொடுத்துடுங்க."

புயல் எழுத ஆரம்பித்தாள். வராந்தாவில் பெரிய நர்ஸ் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நோயாளியின் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கதவருகே வந்து நின்றார். வயது எழுத மறந்திருந்தார். லென்ஸ் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.